காது இரைச்சலுக்கு எத்தனை மார்க்?

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. சர்க்கரைக்கு விரல் நுனியில் ஒரு குத்து. பிரஷருக்குக் கையில் பட்டையைச் சுற்றி பம்ப் அடிக்கிறார்கள். காதுக்குள் ராத்திரி பகலாக ‘ஙொய்’ என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால், அதை எதை வைத்து அளப்பது? பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்குக்கூட அது கேட்காதே!

டின்னிட்டஸ் என்பது டாக்டர்கள் வைத்த பெயர். அபூர்வ வியாதியெல்லாம் இல்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2022ல் வெளியான ஒரு கணக்குப்படி, உலகத்தில் வயது வந்தவர்களில் சுமார் 14 சதவிகிதம் பேர் இதை அனுபவித்திருக்கிறார்கள். கடுமையாக அவதிப்படுகிறவர்கள் 2 சதவிகிதம்.

அந்தச் சத்தம் எவ்வளவு பெரியது என்று மெஷினில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்தான். ஆனால் அந்த டெசிபலுக்கும் ஆசாமி படும் பாட்டுக்கும் பெரிய சம்பந்தம் இருப்பதில்லை. சின்னச் சத்தத்தில் தூக்கத்தைத் தொலைத்தவர் உண்டு. பெரிய சத்தத்தோடு நிம்மதியாகக் குடும்பம் நடத்துகிறவரும் உண்டு. ஆகவே, நோயாளியையே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் சரி. என் தகராறு, எந்தப் பாஷையில் கேட்கிறார்கள் என்பதில்தான்.

1996ல் அமெரிக்காவில் ‘டின்னிட்டஸ் ஹேண்டிகேப் இன்வென்டரி’ என்று ஒரு கேள்வித்தாள் வந்தது. 25 கேள்விகள். ‘ஆமாம்’ என்றால் 4 மார்க், ‘சில சமயம்’ என்றால் 2, ‘இல்லை’ என்றால் சைபர். ஆக மொத்தம் நூறு. 18 முதல் 36 வரை லேசானது. 38 முதல் 56 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமை. டேனிஷ், ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், கொரியன், சீனம் என்று பல மொழிகளுக்கு அது போயிருக்கிறது.

நம்ம ஊரில் என்ன நடக்கிறது? எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரோடு போயிருந்தேன். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். ஃபாரம் இங்கிலீஷில். அந்தப் பெண் ஒவ்வொரு கேள்வியையும் வாயாலேயே தமிழாக்கிக்கொண்டு போனார். ‘ஃப்ரஸ்ட்ரேட்டட்’ என்ற இடம் வந்தது. “வாழ்க்கையே விரக்தியா இருக்கா சார்?” பெரியவர் பதறிப்போய், “சேச்சே, அதெல்லாம் இல்லைம்மா” என்றார். போட்டார் சைபர். “எரிச்சலா வருதா?” என்று கேட்டிருந்தால் நாலு மார்க் நிச்சயம். காலையிலிருந்து என்னிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்த மனுஷர் அவர்!

இன்னொரு கேள்வி, இரைச்சலால் படிக்க முடியவில்லையா என்பது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி என்ன சொல்லும்? ‘இல்லை’. சைபர். வெளியே போய் டின்னர் சாப்பிடுவது, சினிமாவுக்குப் போவதையெல்லாம் அனுபவிக்க முடிகிறதா என்று ஒரு கேள்வி. பாட்டி போவது கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் துக்க வீட்டுக்கும். ஒரே ஒரு கேள்வி சொதப்பினால்கூட 38 எடுக்க வேண்டியவர் 34 ஆகிவிடுவார். ‘நடுத்தரம்’ போய் ‘லேசானது’. “பழகிக்கோங்க பாட்டி” என்று அனுப்பிவிடலாம்.

‘எங்கள் மொழிபெயர்ப்பைப் புள்ளிவிவரப்படி சோதித்தாயிற்று, கேள்விகள் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகின்றன’ என்பார்கள். பி.காம். படித்தவனிடம் இந்தக் கதை வேண்டாம். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டதால் மட்டும் கணக்கு சரியாகிவிடாது. மெஷின் வாங்கிய பணத்தை ரிப்பேர் செலவில் எழுதினாலும் டேலி ஆகும். அதேபோல எல்லாக் கேள்வியும் ஒரே மாதிரி தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டாலும் ஒத்துத்தான் போகும். சென்னையில் எடுத்த 40ம் சிகாகோவில் எடுத்த 40ம் ஒன்று என்பது, நாற்பது ரூபாயும் நாற்பது டாலரும் ஒன்று என்பது மாதிரி.

மார்க்தானே என்று விட்டுவிட முடியாது. 2023ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., ‘லெனயர்’ என்ற டின்னிட்டஸ் கருவிக்கு அனுமதி கொடுத்தது. அதற்கான முக்கிய ஆய்வில் அளவுகோல் இதே கேள்வித்தாள்தான். 7 மார்க் குறைந்தால் பலன் உண்டு என்று கணக்கு. இப்போது யோசியுங்கள். முதல் தடவை ஒருவர், மூன்று மாதம் கழித்து இன்னொருவர், வாய்க்கு வந்த தமிழில் கேட்கிறார்கள். இரண்டு கேள்விகள் வேறு மாதிரி விழுந்தால் போதும், 8 மார்க் குறையும். சிகிச்சையே இல்லாமல் குணம்! பில் மட்டும் நிஜம்.

சரியான வழி தெரியாத விஷயமில்லை. இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும். ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். மூலத்தைப் பார்க்காத வேறொருவர் திரும்ப இங்கிலீஷுக்குக் கொண்டுபோக வேண்டும். அப்புறம், இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், நிஜ நோயாளிகளிடம் கொடுத்து “இந்தக் கேள்வி உங்களுக்கு என்னன்னு புரிஞ்சுது?” என்று கேட்க வேண்டும். இந்தி சோப்பு விளம்பரத்தைத் தமிழில் டப் பண்ண நாலு பேர் உட்கார்ந்து உதட்டசைவு பார்க்கிற ஊர் இது. நோயாளிக்கு அந்த மெனக்கெடல் கூடாதா?

அடுத்த தடவை உங்கள் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போகும்போது, அச்சடித்த தமிழ் ஃபாரம் கேளுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். அவர்களுக்குப் பதிலாக நீங்கள் டிக் அடிக்காதீர்கள். அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்கவில்லை.