இரண்டு ஊசிகள்

டில்லியில் படிக்கும் மூத்த மகளுக்குக் கம்பளிச் சட்டை ஒன்று பின்னுவதென்று ஆடி மாதம் ஆரம்பித்தேன். ஆம்பூரில் உட்கார்ந்து கம்பளி பின்னுகிறவளைப் பற்றி நேயர்கள் என்ன நினைப்பார்கள் என்று தெரியும். கத்தரியில் 40 டிகிரிக்கு மேல் காயும் பூமி இது. "மடியில் கம்பளியைப் போட்டுக்கொண்டு விசிறியைத் தேடுகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார் என் மாமியார்.

பள்ளிக்கூட ஆசிரியைக்கு ஓய்வு என்பது பரீட்சைத் தாள்களுக்கும் சாம்பாருக்கும் நடுவே அகப்படும் கால்மணி நேரம். அதில் பின்னியதை மறுநாள் பிரித்த சந்தர்ப்பங்கள் பல. ஒரு கண்ணி நழுவினால் அது அந்த இடத்தோடு நிற்பதில்லை. வரிசை வரிசையாகக் கீழே இறங்கிவிடும். இதற்கிடையில் இளைய பிள்ளை என் ஊசியொன்றைக் காற்றாடி நூல் சுற்ற எடுத்துப் போய்விட்டான். எப்படியோ முன்புறம், பின்புறம், இரண்டு கைகள் ஆகிய நான்கு துண்டுகளும் கார்த்திகையில் முடிந்தன. அவற்றைச் சேர்த்துத் தைப்பதுதான் பாக்கி. அதில்தான் எனக்கு எப்போதும் தோல்வி.

அடுத்த வீட்டு அம்மாள் பூட்ஸ் தைக்கிறவர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கங்களில் இது அதிசயமல்ல. பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை 1970-களில் அரசாங்கம் கட்டுப்படுத்திய பிறகு, தோல் அனுப்பிய ஊர்கள் பூட்ஸ் அனுப்பும் ஊர்களாயின. அந்த வேலையில் ஒரு பங்கு தொழிற்சாலைக்குள் நடப்பதே இல்லை. வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. 'அப்பர்' என்னும் மேல்தோல் துண்டுகளை ஏஜெண்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். ஒரே துளையில் இரண்டு ஊசிகளை எதிரெதிராக ஓட்டி, மெழுகு தடவிய நூலால் இழுத்துத் தைக்க வேண்டும். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. லீவும் கிடையாது, பிராவிடெண்டு பண்டும் கிடையாது. இந்தப் பெண்களைப் பற்றி 2016-ல் வெளியான ஓர் அறிக்கை, ஜோடிக்குப் பத்து ரூபாய்கூடக் கிடைப்பதில்லை என்றது. அதே ஜோடி சீமையில் ஆயிரக்கணக்கான ரூபாய் பெறும். வீட்டிலிருந்து உழைப்பவர்களுக்கும் மற்றத் தொழிலாளருக்குள்ள உரிமைகள் வேண்டுமென்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1996-ல் ஓர் உடன்படிக்கை செய்தது. நம் தேசம் அதில் சேரவில்லை.

அந்த அம்மாள் என் தையலைப் பார்த்து முகம் சுளித்தார். "டீச்சரம்மா, இந்தத் தோள் ரெண்டு தோய்ப்புக்குக்கூடத் தாங்காது. குடுங்க இப்படி."

மெழுகில்லாமல், இரண்டு ஊசிகளோடு, கண்ணிக்குக் கண்ணி பொருத்தி ஓட்டினார். "தோலுன்னா இழுக்கணும். இது நெளியுற சரக்கு, இழுக்கக் கூடாது." ஒரு மணி நேரத்தில் நான்கு துண்டும் ஒரே சட்டையாயிற்று. அந்த ஒரு மணியில் அவருக்கு எத்தனை ஜோடி நஷ்டம் என்று என் மனம் கணக்குப் போட்டது. பணத்தை நீட்டினேன். அது தப்பு என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

பேச்சை மாற்ற, "உங்கள் வேலை முடிந்ததா?" என்று கேட்டு வைத்தேன்.

"நம்மளுது முடியறது ஏது? ஒரு மூட்டை போனா இன்னொரு மூட்டை" என்று சிரித்தார்.

நானோ ஒரு சட்டையை முடித்ததற்கு வீட்டில் பாயசம் வைத்திருந்தேன்!

அவருடைய பெண் என்னிடம் படித்தவள்; கணக்கில் கெட்டிக்காரி. பத்தாவதோடு நின்று, தாயாரோடு ஊசி பிடித்தாள். மேலே படிக்க வை என்று நான் போய்ச் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன், மூன்றாவது தரம் போகவில்லை. இன்று அவளுக்கு ஏழாம் மாதம். இன்னும் தைக்கிறாள்.

பிறந்த குழந்தை தலை வழியாகச் சூட்டை மிகுதியும் இழக்கும் என்பார்கள் வைத்தியர்கள். குழந்தை வருவதோ மாசிப் பனியில். சட்டையில் மிஞ்சிய நீலக் கம்பளி ஒரு குல்லாய்க்குப் போதும். நூலைப் பந்தாகச் சுற்ற, மாமியாரே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

டில்லிக்குப் பார்சல் போயிற்று. நேற்றிரவு ஊசியில் 64 கண்ணி ஏற்றினேன். இரண்டாவது வரிசை முடிவில் எண்ணிப் பார்த்தால் 63 இருக்கிறது.