விலையைச் சொல்ல ஏன் அஞ்சுகிறார்கள்?

நடுக்குவாதம் என்று நம் ஜனங்கள் சொல்லும் வியாதிக்கு வைத்திய உலகில் பார்க்கின்சன் என்று பெயர். 1817-ல் இதை விரிவாக எழுதிய லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சனின் பெயர் அது. அவர் சாமானிய மக்களுக்கு வாக்குரிமை கேட்ட சங்கத்தில் இருந்தவர். புனைபெயரில் துண்டுப் பிரசுரங்கள் எழுதியவர். அவருடைய நாட்டில் இன்று நடப்பதைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

இது யாரோ பணக்காரர் வியாதி என்று எண்ண வேண்டாம். பூச்சிமருந்தோடு புழங்கி இந்நோய் கண்ட விவசாயத் தொழிலாளருக்கு இது தொழில்நோய்தான் என்று பிரான்ஸ் சர்க்கார் 2012-ல் ஒப்புக்கொண்டது.

மருந்து இல்லாமலில்லை. லெவோடோபா மாத்திரை 1960-களிலிருந்தே உண்டு. ஆனால் வருஷங்கள் போகப்போக அது நின்று பலன் தருவதில்லை. மருந்து ஏறினால் உடம்பு தன் வசமில்லாமல் நெளிகிறது. இறங்கினால் கட்டையாய் விறைக்கிறது. சட்டைப் பித்தான் போடக்கூட இன்னொருவர் கை வேண்டும். மடையை ஒரேயடியாகத் திறந்துவிட்டு, பிறகு அடைத்தே போட்டால் பயிர் என்னவாகும்?

ஆகவே மருந்தைச் சொட்டுச் சொட்டாக, இடைவிடாமல் செலுத்தப் பம்பு வந்தது. முதலில் வந்ததற்கு வயிற்றில் துளையிட்டுச் சிறுகுடல் வரை குழாய் விடவேண்டும். பிறகு வந்த பம்புக்கு அறுவை வேண்டாம். தோலுக்கடியில் மெல்லிய குழாய், இரவும் பகலும் 24 மணி நேரமும் மருந்து. ஊசி போட்ட இடம் புண்ணாகலாம், சிலருக்கு இல்லாதது கண்ணில் தோன்றலாம். வியாதியையும் இது நிறுத்தாது. ஆனாலும் எழுந்து நடக்கும் நேரம் கூடுகிறது. அது சின்ன விஷயமா?

இங்கிலாந்தில், வேறு சிகிச்சை பலிக்காத முற்றிய நோயாளிகளுக்கு இந்தப் பம்பு 2024 முதல் பொது மருத்துவத் திட்டத்தில் கிடைக்கிறது. மடியில் பணமுண்டா என்று கேட்பதில்லை. 1946-ல் அந்தத் திட்டத்தின் மசோதாவை எதிர்த்து வாக்களித்தது சர்ச்சிலின் கட்சி என்பதை மறக்கலாகாது.

இவ்வளவும் சரி. ஆனால் பம்பு மருந்தை விற்கும் அமெரிக்கக் கம்பெனி அப்வீ, அந்தத் திட்டத்துக்கு எவ்வளவு தள்ளுபடி கொடுத்தது? அது வியாபார ரகசியமாம்! பணம் மக்களுடைய வரிப்பணம். விலை மட்டும் மக்களுக்குத் தெரியக்கூடாது. போனஸ் கேட்கும்போது கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துக்கொள்ளும் ஆலை முதலாளியை நமக்குத் தெரியாதா? இதுவும் அதே புத்தகம்தான்.

இதற்கு மருந்துக் கம்பெனிகள் பொதுவாக ஒரு நியாயம் சொல்வதுண்டு: ஒரு நாட்டுக்குக் குறைத்த விலை வெளியே தெரிந்தால், மற்ற நாடுகளும் அதே விலைக்குக் கேட்குமாம்.

கேட்கட்டுமே என்கிறோம் நாம்.