சங்கிலியும் நிதிநிலை அறிக்கையும்



என்னிடம் ஓதும் மாணவன் ஒருவன் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் வகுப்புக்கு வருவதில்லை. காரணம் கேட்டேன். "காக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம், ஹஜ்ரத்" என்று தலைகுனிந்து சொன்னான்.

அவனுடைய மூத்த சகோதரருக்கு மனநோய். அந்த அரசு மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறார். இரண்டு பேருந்து மாறிச் சென்றாலும், மாத்திரை இருப்பில் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்ற பதிலோடு சில நாள்களில் திரும்ப நேர்கிறது. மாத்திரை நின்றால் நோய் முற்றுகிறது. அப்போது அக்கம்பக்கத்தார் அந்த உம்மாவுக்குச் சொல்லும் யோசனை ஒன்றே: "கட்டிப் போடுங்கள்!"

அச்சொல்லைக் கேட்டதும் ஏர்வாடி என் நெஞ்சில் எழுந்தது. இராமநாதபுரம் மாவட்டத்தின் அத்தர்கா ஊரில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, தனியார் நடத்திய மனநோயாளர் விடுதி ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட இயலவில்லை. 28 உயிர்கள் மாண்டன. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன.

பெற்ற பிள்ளையை அங்கே விட்டவர்கள் கல்நெஞ்சர்களா? அல்லர். அன்று தமிழகம் முழுமைக்கும் இருந்த அரசு மனநல மருத்துவமனை சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இருந்த ஒன்றுதான். அரசு விட்ட இடைவெளியில்தான் அந்த விடுதிகள் முளைத்தன.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. அரசின் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்றது. 2018இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பணம்? தேசிய மனநலத் திட்டம் என்ற தலைப்பில் நடுவண் அரசு 2018-19க்கு ஒதுக்கியது 50 கோடி ரூபாய்; மறு ஆண்டுக்கு 40 கோடி. ஒதுக்கியதிலும் சிறு பகுதியே செலவாயிற்று. வளர்ந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் மனநலக் குறைபாடு உண்டென 2015-16இன் தேசிய ஆய்வு கூறிய பின்னரே இந்தக் குறைப்பு!

ஏட்டில் குறையும் தொகை எங்கும் மறைந்துவிடுவதில்லை. அது ஒரு தாயின் கம்மலாக அடகுக் கடைக்குச் செல்கிறது; ஒரு தம்பியின் படிப்பிலிருந்து கழிகிறது; இறுதியில் சங்கிலியாகத் திரும்பி வருகிறது.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளருக்கும் தனிப் பகுதி இருந்தது. அதன் செலவுக்கு வக்ஃபு சொத்துகள் நிலையாக எழுதிவைக்கப்பட்டன. இரக்கம் மட்டும் போதாது, அதற்கு வற்றாத வருவாயும் வேண்டும் என்பதே அதன் பாடம்.

ஆகவே, ஜமாஅத் பெரியோர்களே! சட்டமன்ற உறுப்பினரிடம் சாலை கேட்பது போல மனநல மருத்துவரையும் மாத்திரையையும் கேளுங்கள். அதுவரை, இத்தகைய குடும்பங்களின் பேருந்துக் கட்டணத்தையும் மருந்துச் செலவையும் பைத்துல்மால் ஏற்கட்டும். இல்லத்தில் இத்துயர் உள்ளோர் மறைக்க வேண்டாம். 14416 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். துஆவும் செய்வோம், மருந்தும் கொடுப்போம். ஒன்றுக்கொன்று பகையல்ல.

அந்த மாணவனுக்குச் செவ்வாய்ப் பாடத்தைப் புதன் மாலையில் நடத்துகிறேன். என்னால் இயன்றது அவ்வளவே. அரசால் இயன்றது அதனினும் மிகப் பெரிது.