தலையெழுத்தா? கதிர்வீச்சா?

நமது நாட்டில் கண்ணுக்குத் தெரியாத பேய்க்கு நடுங்குகிறவர்கள் ஏராளம். ஆனால் கண்ணுக்குத் தெரியாமலே உடலைக் கெடுக்கும் அணுக்கதிர்வீச்சைப் பற்றிப் பேசினாலோ, "புற்றுநோய் பூர்வஜென்ம வினை, யார் தடுக்க முடியும்?" என்கின்றனர். திருப்பருத்திக்குன்றத்திலும் இப்பேச்சைக் கேட்டோம்.

தோழர்களே! பேயை அளந்தவன் எவனுமில்லை. கதிர்வீச்சையோ கருவி கொண்டு அளக்கலாம். ஒரே தடவையில் மிகுதியாகப் பட்டால் எலும்பு மஜ்ஜையும் குடலும் கெட்டு, மனிதன் சில நாட்களிலோ வாரங்களிலோ இறக்கிறான். குறைவாகப் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. ஆனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது. காரணம் யாதெனில், ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை தவறினால் அந்த அட்டை வரும்போதெல்லாம் பூ தவறியே விழும் என்பது நெசவாளத் தோழர்கள் அறிந்ததே. உடலின் உயிரணுக்களிலும் அத்தகைய அட்டை உண்டு. கதிர் பாய்ந்து அது கெட்டால், கெட்ட அணு கெட்டபடியே பெருகக்கூடும். இதில் பூர்வஜென்மம் எங்கே வந்தது?

1945-இல் ஹிரோஷிமா குண்டுக்குத் தப்பிப் பிழைத்தவர்களிடையே, சில ஆண்டுகளில் இரத்தப் புற்றுநோய் மிகுந்தது. அத்தனை பேரும் ஒரே பாவத்தையா செய்தார்கள்? 2010-இல் டில்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற பழைய இயந்திரம் மாயாபுரி கழிவிரும்புச் சந்தையில் உடைக்கப்பட்டது. அதிலிருந்த கோபால்ட்டின் கதிர் பட்டு ஒருவர் மாண்டார்; பலர் நோயுற்றனர். அவரைக் கொன்றது விதியா, படித்தவர்களின் அலட்சியமா?

நமக்குத் தென்கிழக்கே கல்பாக்கத்திலும் நடந்தது. 2003 ஜனவரி 21-இல், தீர்ந்த அணு எரிபொருளை மறுபடி பதப்படுத்தும் ஆலையில் ஒரு வால்வு பழுதுபட்டது. அதைக் காட்டிக்கொடுக்கும் கருவி அவ்விடத்தில் இல்லை. ஆறு தொழிலாளர் வரம்புக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். பொதுமக்களுக்கு அச்செய்தி எட்டியதோ சில மாதங்கள் கழித்து!

நாம் விஞ்ஞானத்துக்கு விரோதிகளல்ல. எக்ஸ்ரே எடுப்பதும் கதிரால் புற்றுநோயைக் கருக்குவதும் அதே அறிவின் பயனே. அளவறிந்து கையாண்டால் மருந்து. அளவை மறைத்தால் நஞ்சு. "கேள்வி கேளாதே, நம்பு" என்று அர்ச்சகர் சொன்னாலென்ன, அதிகாரி சொன்னாலென்ன? இரண்டும் ஒன்றே.

ஆகவே, நோய் வந்தால் தோஷம் கழிக்க ஓடாதீர்கள், வைத்தியரிடம் செல்லுங்கள். அணு உலையைச் சுற்றிலும் அளந்த கணக்கைத் தமிழில், தவறாமல், ஊரறிய வெளியிடும்படி சர்க்காரைக் கேளுங்கள். கேட்பது நமது உரிமை. கேளாமலிருப்பதே நமது தலையெழுத்தாகப் போய்விடக்கூடாது.