நாணயம் தெரியட்டும், ஆள் தெரிய வேண்டுமா?

பழைய நாணயம் சேர்ப்பது ஒரு காலத்தில் தனி ஆளின் பொழுதுபோக்காக மட்டுமே இருந்தது. பெட்டியில் என்ன இருக்கிறது என்பது வீட்டாருக்கே முழுமையாகத் தெரியாது. இன்று நிலைமை வேறு. யாரிடம் எந்த நாணயம் இருக்கிறது, அது எந்தத் தரத்தில் இருக்கிறது, உலக வரிசையில் அந்தச் சேமிப்புக்கு எத்தனையாவது இடம் என்பதையெல்லாம் இணையப் பதிவேடுகள் கணக்கிட்டுச் சொல்கின்றன. இந்தப் போட்டியில் இறங்குபவர் தம் சேமிப்பை எவ்வளவு திறந்து காட்ட வேண்டும், எவ்வளவு மறைக்கலாம் என்பது சேகரிப்பாளர்களிடையே தீராத வாதமாக இருந்து வருகிறது.

இது பணக்காரர்களின் விவகாரம், நமக்கென்ன என்று ஒதுங்கிவிட முடியாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தாத்தா காலத்து நீரிணைக் குடியேற்ற நாணயங்கள் பல இந்தியக் குடும்பங்களின் பெட்டிகளில் இன்றும் கிடக்கின்றன. ரிங்கிட்டை நாம் இன்னும் ‘வெள்ளி’ என்றுதான் சொல்கிறோம். 1903-ஆம் ஆண்டு வெளிவந்த நீரிணை டாலர் உண்மையிலேயே வெள்ளி நாணயம். அந்த டாலருக்கும், அதன் பின் வந்த மலாயா, மலேசிய, சிங்கப்பூர் நாணயங்களுக்கும் இன்று பதிவேடுகளில் தனிப் பிரிவுகள் உண்டு.

பதிவேடு எப்படி இயங்குகிறது?

அமெரிக்காவில் 1986-இல் தொடங்கப்பட்ட பிசிஜிஎஸ், 1987-இல் தொடங்கப்பட்ட என்ஜிசி ஆகிய இரண்டும் இத்துறையின் பெரிய மதிப்பீட்டு நிறுவனங்கள். நாணயத்தை அனுப்பினால் அது அசலா போலியா என்று சோதித்து, 1 முதல் 70 வரையிலான அளவுகோலில் தரம் குறிப்பார்கள். பிறகு அதைத் தெளிவான பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடி, ஒரு சான்றிதழ் எண்ணும் கொடுப்பார்கள். அந்த எண்ணை நிறுவனத்தின் அகப்பக்கத்தில் தட்டினால் நாணயத்தின் விவரம் வரும். பல நாணயங்களுக்குப் படமும் வரும்.

சேகரிப்பாளர் இந்த எண்களைப் பதிவேட்டில் தம் கணக்கில் சேர்த்துக்கொண்டே போகலாம். தரத்துக்கும் அருமைக்கும் ஏற்பப் புள்ளிகள் கூடும். ஒரு பதிவேட்டில் ஓர் எண்ணை ஒரே நேரத்தில் ஒருவர் மட்டுமே தம்முடையதாகக் காட்ட முடியும். ஆண்டுதோறும் முதலிடத் தொகுப்புகளுக்கு விருதும் உண்டு.

பெரும்பாலோர் இங்கே புனைபெயரில்தான் இருக்கிறார்கள். அதை யாரும் குறை சொல்வதில்லை. அதற்கும் மேலே போய், வரிசையில் இடம் பிடித்துக்கொண்டு, தொகுப்பில் உள்ள நாணயங்களைப் பிறர் பார்க்க முடியாதபடி மூடி வைப்பதுதான் சர்ச்சையைக் கிளப்புகிறது. இதற்கான விதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அவ்வப்போது மாறவும் செய்யும். ஆனால் கேள்வி மாறுவதில்லை. பந்தயத்தில் ஓடுகிறவர் தம் ஓட்டத்தை மட்டும் மறைத்துவிட்டுக் கோப்பையை வாங்கலாமா?

திறந்து காட்டுவதால் என்ன நன்மை?

போலிகளைப் பிடிக்க முடிகிறது என்பதே முதல் நன்மை. இப்போது நாணயத்தை மட்டுமல்ல, நிறுவனத்தின் உறையையும் சேர்த்தே போலியாகச் செய்கிறார்கள். போலி உறையில் அச்சிடப்படும் எண் பெரும்பாலும் வேறோர் அசல் நாணயத்தின் எண்ணாகவே இருக்கும். வாங்குபவர் எண்ணை மட்டும் சரிபார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். படமும் இருந்தால் கீறலையும் கறையையும் ஒப்பிட்டு ஏமாற்றைக் கண்டுபிடிக்கலாம். மூடி வைத்த பதிவேட்டால் அந்த உதவி கிடைக்காது.

எண்ணிக்கைக் கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க முடிவது இரண்டாவது நன்மை. இத்தனை நாணயங்கள் இந்தத் தரம் பெற்றுள்ளன என்று நிறுவனங்கள் ஒரு பட்டியல் வெளியிடுகின்றன. விலையை நிர்ணயிப்பதில் அந்தப் பட்டியலுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் கூடுதல் தரம் கிடைக்கும் என்ற ஆசையில் சிலர் உறையை உடைத்து, அதே நாணயத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். பழைய சீட்டு நிறுவனத்திடம் திரும்பாவிட்டால், ஒரே நாணயம் பட்டியலில் இரண்டு, மூன்று என்று எண்ணப்பட்டுவிடும். படங்கள் திறந்திருந்தால்தான் இரண்டும் ஒன்றே என்று யாராவது கண்டு சொல்ல முடியும்.

மூன்றாவது, போட்டியின் நேர்மை. முதலிடத்தில் இருப்பவரிடம் என்ன இருக்கிறது என்று தெரியாமல், அவரைத் தாண்டுவதற்காக இன்னொருவர் ஆயிரக்கணக்கில் செலவிடுகிறார். இருட்டில் ஏலம் கேட்பதற்கு ஒப்பானது இது. தமிழில் நாணயம் என்ற சொல்லுக்கே நேர்மை என்ற பொருளும் உண்டு. இடம் வேண்டும் என்பவர் அந்த இடத்துக்கான சான்றைக் காட்டத்தான் வேண்டும் என்று சேகரிப்பாளர்களில் ஒரு சாரார் கேட்பது நியாயமானதே.

மறைப்பவர்களின் அச்சம்

எதிர்த்தரப்பினரின் அச்சத்தையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 1967 அக்டோபரில், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வில்லிஸ் டுபோண்ட் என்பவரின் வீட்டுக்குள் ஆயுதம் ஏந்திய கொள்ளையர்கள் புகுந்தனர். அவர் புகழ்பெற்ற தொழிலதிபர் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய சேமிப்பும் நாணய உலகம் அறிந்ததுதான். மிக அரிதான இரண்டு 1804 டாலர்களும், 1866-ஆம் ஆண்டின் அபூர்வ டாலர் ஒன்றும், ரஷ்ய நாணயங்கள் பலவும் பறிபோயின.

அப்போது இணையமும் இல்லை, பதிவேடும் இல்லை. விலைமதிப்புள்ள பொருள் இன்னார் வீட்டில் இருக்கிறது என்று வெளியே தெரிந்திருந்தாலே ஆபத்துதான் என்பதை இந்தச் சம்பவம் காட்டுகிறது. இன்று அந்தத் தகவலைத் தேட யாரும் அலைய வேண்டியதில்லை. பதிவேட்டில் வைத்திருக்கும் அதே புனைபெயர் முகநூலிலும் இருந்தால் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். கைப்பேசியில் எடுத்த படத்திலேயே எடுத்த இடத்தின் குறிப்பும் பதிந்திருக்கக்கூடும். 2017-இல் மலேசியாவில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி இணைப்புகளின் விவரங்கள் கசிந்ததாகச் செய்தி வந்தது நினைவிருக்கலாம். பெயரும் எண்ணும் முகவரியும் அப்படி வெளியே கிடக்கும் காலத்தில், ‘என்னிடம் இன்ன நாணயம் இருக்கிறது’ என்ற ஒரு வரி மட்டும்தான் மிச்சம். அதையும் நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

ஆனால் டுபோண்ட் கதை அத்தோடு முடியவில்லை. களவுபோன இரண்டு 1804 டாலர்களும் பின்னாளில் மீட்கப்பட்டன. 1866 டாலர் 37 ஆண்டுகள் கழித்து, 2004-இல் கிடைத்தது. அந்த நாணயங்கள் எப்படி இருக்கும் என்பது முன்பே பதிவாகியிருந்ததால், எங்கே தலைகாட்டினாலும் அவற்றை அடையாளம் காண முடிந்தது. உரிமையாளர் யார் என்று தெரிந்திருந்தது அவருக்கு ஆபத்தானது. நாணயம் எது என்று தெரிந்திருந்தது அவருக்கு உதவியது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் வாதம் முடிவில்லாமல் நீள்கிறது.

பிரித்துப் பார்க்க முடியுமா?

முடியும் என்பதற்கு நாணய உலகிலேயே சான்று இருக்கிறது. 1933-ஆம் ஆண்டின் இருபது டாலர் தங்க நாணயம் 2002-இல் ஏலத்தில் சுமார் 75 லட்சத்து 90 ஆயிரம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. அந்த ஆண்டின் நாணயங்களில் தனியார் வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கும் ஒரே நாணயம் அது. யாருடைய கைகள் மாறி அது வந்தது, அமெரிக்க அரசுடன் என்ன வழக்கு நடந்தது என்பதெல்லாம் ஊரறிந்த கதை. அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கும் வைக்கப்பட்டது. ஆனால் வாங்கியவர் காலணி வடிவமைப்பாளர் ஸ்டுவர்ட் வைட்ஸ்மன் என்பது 2021 வரை வெளியே தெரியாது. அவ்வாண்டு சுமார் 1 கோடியே 89 லட்சம் டாலருக்கு அவர் அதை விற்றார். அப்போது வாங்கியவரின் பெயரும் வெளியிடப்படவில்லை.

உலகின் மிக விலையுயர்ந்த நாணயத்துக்கே இது சாத்தியம் என்றால், நீரிணை டாலருக்கும் 1971-ஆம் ஆண்டின் 20 காசுக்கும் ஏன் சாத்தியமில்லை? போட்டிப் பதிவேட்டுக்கு நியாயமான விதி இப்படித்தான் இருக்க முடியும்: வரிசையில் இடம் கேட்பவர் நாணயத்தின் படத்தையும் தரத்தையும் காட்ட வேண்டும், தம் பெயரையும் ஊரையும் காட்ட வேண்டியதில்லை. நாணயத்தைக் காட்ட மனமில்லாதவர் தொகுப்பைத் தமக்காக மட்டும் பதிந்து வைத்துக்கொள்ளலாம். விருதும் முதலிடமும் அவருக்கு வேண்டாம்.

சட்டம் காப்பாற்றுமா?

மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. 2024-இல் அது திருத்தப்பட்டது. தரவு கசிந்தால் நிறுவனங்கள் அதைத் தெரியப்படுத்த வேண்டும் என்ற கடப்பாடு 2025 ஜூன் முதல் வந்திருக்கிறது. ஆனால் இச்சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கானது. ஒருவர் தம் சொந்த, குடும்ப, பொழுதுபோக்குத் தேவைக்காகக் கையாளும் தகவலுக்கு விலக்கு உண்டு. முழுக்க மலேசியாவுக்கு வெளியே கையாளப்படும் தரவுக்கும் பொதுவாக இச்சட்டம் பொருந்தாது. சிங்கப்பூரின் 2012-ஆம் ஆண்டுச் சட்டமும் தனிப்பட்ட, வீட்டுத் தேவைக்கான பயன்பாட்டைத் தன் வரம்புக்குள் கொண்டுவருவதில்லை.

எளிமையாகச் சொன்னால், நாணயத்தை அனுப்பிவைக்கும் உள்ளூர்க் கடை உங்கள் பெயரையும் முகவரியையும் எப்படிக் காக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. புலனக் குழுவில் நண்பர் ஒருவர் உங்கள் சேமிப்பைப் பற்றிப் பெருமையாக எழுதினால், அதைத் தடுக்க இந்தச் சட்டத்தை நம்பியிருக்க முடியாது.

குடும்பங்கள் செய்ய வேண்டியது

போட்டிக்கே போகாத குடும்பங்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. பெட்டியில் பழைய நாணயம் இருந்தால், முதலில் ஒவ்வொன்றையும் இருபுறமும் படம் எடுத்து, ஆண்டையும் அளவையும் எழுதி வைக்க வேண்டும். உறையிட்ட நாணயமாக இருந்தால் சான்றிதழ் எண்ணையும் குறிக்க வேண்டும். களவு போனால் போலீஸில் கொடுக்க அந்தக் குறிப்பு வேண்டும். ‘ஒரு பழைய வெள்ளிக் காசு’ என்று மட்டும் புகார் கொடுத்தால் தேடுவதற்கு எந்த அடையாளமும் இருக்காது. அந்தக் குறிப்பை நாணயத்தோடு ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. பட்டியல் இருக்கும் இடம் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சேர்த்தவர் காலமான பிறகு, மதிப்புத் தெரியாமல் பழைய சாமான் வாங்குபவரிடம் எடைக்குப் போடும் நிலை அப்போது வராது.

பதிவேட்டில் சேர விரும்புவோர் வேறெங்கும் பயன்படுத்தாத புனைபெயரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. படத்தில் வீட்டுச் சுவரோ, சன்னலோ, கார் எண்ணோ விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கைப்பேசிக் கேமராவில் இடக்குறிப்பை அணைத்துவிட வேண்டும். விலை உயர்ந்தவற்றை வங்கிப் பெட்டகத்தில் வைப்பது மேல். வீட்டில் வைத்திருந்தாலும், வைத்திருக்கிறேன் என்று சொல்லாமல் இருக்கலாம்.

சேர்த்ததை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை. நம்மவர் பெட்டிகளில் கிடக்கும் நீரிணைக் காசுகளும் மலாயாக் காசுகளும் வெளிச்சத்துக்கு வந்தால், இந்நாட்டின் வரலாற்றில் நம் பங்கும் அதோடு சேர்ந்து தெரியவரும். அந்த வெளிச்சம் நாணயத்தின் மேல் மட்டும் விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு பதிவேடு நடத்துபவர்களுக்கும் உண்டு, சேர்ப்பவர்களுக்கும் உண்டு.