லீவு கேட்கப் போன கதை



சென்ற இதழில் நியமனக் கடிதம் பற்றி எழுதியிருந்தேன். இம்முறை லீவும் அதற்குரிய சம்பளமும். எனக்கு நடந்ததையே சொல்லுகிறேன்.

2012 ஓகஸ்டில் கிளிநொச்சியில் ஒரு புடவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முகாமில் இருந்து மீள்குடியேறி, தறப்பாள் கொட்டிலில் இரண்டு பிள்ளைகளோடு இருந்த காலம். முதலாளி கெட்டவர் அல்ல. மகனுக்குச் சப்பாத்து வாங்கக் காசில்லை என்றபோது கேட்காமலே முற்பணம் தந்தவர். அதனாலேயே எனக்கு எதையும் கேட்க வாய் வருவதில்லை.

2014 ஜனவரியில் பொங்கலும் போயாவும் அடுத்தடுத்த நாட்களில் வந்தன. "பொங்கிப்போட்டுப் பத்து மணிக்கு வாங்கோ, சரக்கு வந்து கிடக்கு" என்றார்கள். போனோம். போயாவுக்கும் போனோம். அதே வாரம் காணாமற்போனோர் பற்றி விசாரிக்கும் ஆணைக்குழு கிளிநொச்சிக்கு வந்தது. என் கணவர் 2009 இல் இருந்து இல்லை. கடிதங்களைத் தேடிப் பிரதி எடுக்க ஒரு நாள், அமர்வுக்கு ஒரு நாள் என்று கேட்டேன். "போட்டு வா பிள்ளை" என்றார் முதலாளி.

மாதக் கடைசியில் 12,000 ரூபாவில் 800 ரூபா குறைந்திருந்தது. பொங்கலுக்கும் போயாவுக்கும் ஒன்றுமில்லை. கணக்குக் கொப்பியில் அந்த இரண்டு நாட்களுக்கும் நேரே 'வரவில்லை' என்று எழுதியிருந்தது. காசை விட அந்தச் சொல்தான் மனதில் தைத்தது. நான் சும்மா நிற்கவில்லையே.

பக்கத்து வளவில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர் இருந்தார். அழுதுகொண்டு சொன்னேன். அவர் "அழுதது காணும், எப்ப சேர்ந்தனி எண்டு சொல்லு" என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டார்.

கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்வோருக்கு 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இன்றும் அதுதான். முதல் வருடம் வேலை செய்ய, அடுத்த வருடம் வருடாந்த லீவு கிடைக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை சேர்ந்தவருக்கு 14 நாட்கள், ஏப்ரல் முதல் ஜூன் வரை என்றால் 10, ஜூலை முதல் செப்டம்பர் வரை என்றால் 7, அதற்குப் பின் சேர்ந்தவருக்கு 4. அதற்கடுத்த வருடத்தில் இருந்து எல்லோருக்கும் 14. நான் ஓகஸ்டில் சேர்ந்தவள். 2013 இல் 7 நாட்கள், 2014 இல் 14 நாட்கள். ஒரு நாளைக்கூட நான் எடுக்கவில்லை, இருக்கிறதென்றே தெரியாது.

இதற்குப் புறம்பாக அமய லீவு. முதல் வருடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள், பிறகு வருடத்துக்கு 7 நாட்கள். சுகவீனம், சொந்த அலுவல், நியாயமான வேறு காரணம் எதற்கும் எடுக்கலாம். கிளினிக், பிள்ளையின் பாடசாலைக் கூட்டம், விசாரணை எல்லாம் இதற்குள் அடங்கும். சம்பளம் வெட்ட முடியாது. நான் போன இரண்டு நாட்களும் இதுதான்.

தைப்பொங்கல் சம்பளத்துடனான விடுமுறை நாள். அன்று வேலை வாங்கினால் பதிலாக வேறொரு நாள் சம்பளத்தோடு லீவு தரவேண்டும், அல்லது இரட்டைச் சம்பளம். போயாவில் வேலை செய்தால் அன்றைய சம்பளம் ஒன்றரை மடங்கு. நாங்கள் சைவர்கள், போயா எங்களுக்கில்லை என்று கடைகளில் சொல்லுவார்கள். சட்டம் சமயம் பார்த்து எழுதப்படவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். குரல் நடுங்கியது உண்மை. "ஒண்டுமில்லாமல் வந்தநீர், இப்ப சட்டம் கதைக்கிறீர்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு கிழமை பேசாமல் இருந்தேன். பிறகு கடையில் நின்ற இன்னும் இரண்டு பிள்ளைகளோடு தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போனேன். எங்களிடம் நியமனக் கடிதம் இல்லை. வேலை செய்த நாட்களையும் சம்பளம் வாங்கிய திகதிகளையும் நான் என் கொப்பியில் குறித்து வைத்திருந்தேன், அதைப் பார்த்தார்கள். கடைக்கு அலுவலர் வந்தார். வெட்டிய 800 ரூபாவும் போயாக் காசும் கிடைத்தன. பொங்கலுக்குப் பதிலாக மூன்று பேருக்கும் ஒவ்வொரு நாள் லீவு. பிறகு சம்பளத் துண்டும் தரத் தொடங்கினார்கள்.

இரண்டு மாதம் முதலாளி என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். என்னோடு வந்த பிள்ளைகளில் ஒருத்தி அந்தப் புழுக்கம் தாங்காமல் விட்டுவிட்டுப் போனாள். இன்றைக்கும் அவளை நினைத்தால் எனக்குச் சங்கடம்.

ஆடைத் தொழிற்சாலைச் சகோதரிகளுக்கு லீவுக் கணக்கு சம்பளச் சபைச் சட்டத்தின்படி வேறு, இதை அப்படியே கொண்டுபோய்க் கேட்க வேண்டாம். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கடைச் சட்டம் பொருந்தாது. அது பெரிய குறைதான்.

ஒரு ரூல் கொப்பி வாங்குங்கள். வந்த நாள், போன நேரம், எடுத்த லீவு, வாங்கிய காசு எல்லாம் அன்றன்றே எழுதுங்கள். லீவை வாயால் கேட்காமல் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து, பிரதியை நீங்கள் வைத்திருங்கள்.

அடுத்த இதழில் ஊழியர் சேமலாப நிதி.