சுவரேறிய கோலி சோடா

புதுவீடு போகிறவர்கள் கூடத்துக்கும் சமையலறைக்கும் வாங்கி மாட்டும் படங்களில் இப்போது பானங்கள் நிறைய இடம்பிடிக்கின்றன. பளீரென்ற மஞ்சளில் டபரா டம்ளர், இளஞ்சிவப்பில் கோலி சோடா, வரிவரியான டீ கிளாஸ் நான்கு நிறத்தில் நான்கு முறை. ‘பாப் ஆர்ட்’ என்ற பெயரோடு சட்டம் போட்டு இணையக் கடைகளில் கிடைக்கின்றன. வீட்டு அலங்காரப் பொருள்தானே என்று கலை விமர்சனம் இவற்றைக் கண்டுகொள்வதில்லை. கண்டுகொள்ள வேண்டும் என்பது என் கட்சி. பத்துப் பேரில் ஒன்பது பேர் கலைக்கூடத்துக்குள் கால் வைப்பதே அபூர்வம். அவர்கள் தினமும் பார்க்கும் ஓவியம் அவர்கள் வீட்டுச் சுவரில் இருப்பதுதான்.

விளையாட்டுத்தனமாக இருக்கிறது, மலிவாக இருக்கிறது என்பதற்காக இவற்றைத் தள்ளிவிட முடியாது. 1957-இல் லண்டன் ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன் கட்டடக் கலைஞர்களான ஸ்மித்ஸன் தம்பதிக்கு எழுதிய கடிதத்தில் பாப் கலையின் குணங்களைப் பட்டியல் போட்டார். திரளான மக்களுக்கானது, விலை குறைந்தது, பெருமளவில் உற்பத்தியாவது, குறும்பு கொண்டது என்று போகிறது அந்தப் பட்டியல். லியோ காஸ்டெல்லி என்ற கலை வணிகரிடம் இரண்டு பீர் டின்னைக் கொடுத்தாலும் விற்றுவிடுவார் என்று ஓவியர் டி கூனிங் அலுத்துக்கொண்டது, இன்னொரு ஓவியரான ஜாஸ்பர் ஜான்ஸின் காதுக்கு வந்தது. 1960-இல் அவர் இரண்டு பேலன்டைன் டின்களை வெண்கலத்தில் வார்த்து, லேபிளைக் கையாலேயே தீட்டினார். ஒன்று திறந்த டின், மற்றொன்று திறக்காதது. வேடிக்கையில் பிறந்த வேலைதான். ஆனால் ஒரு பீர் டின்னை அதற்கு முன் யாரும் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

உற்றுப் பார்த்தல் என்றால் என்னவென்று அறிய நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் உள்ள, 1962-இல் ஆண்டி வார்ஹால் செய்த பச்சைக் கோகோ கோலா பாட்டில்களைப் பார்க்கலாம். ஏழு வரிசை, வரிசைக்குப் பதினாறு. தள்ளி நின்றால் எல்லாம் ஒரே பாட்டில். நெருங்கினால் ஒன்றில் பச்சை திட்டுத் திட்டாக இருக்கிறது, ஒன்றில் விளிம்புக் கோடு மங்கியிருக்கிறது, இன்னொன்றில் மை கனத்திருக்கிறது. தொழிற்சாலைச் சரக்கின் ஒரேமாதிரித் தன்மையையும், அது மனிதர் கைக்கு வந்ததும் மாறிப்போவதையும் ஒரே பரப்பில் வைத்துவிட்டார். கோக்கைப் பற்றி 1975-இல் அவர் வெளிப்படையாகவே எழுதினார்: நாட்டின் அதிபர் குடிப்பதும் தெருவோரத்தில் இருப்பவர் குடிப்பதும் அதே கோக்தான், எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதைவிட நல்ல கோக் கிடைக்காது என்பது அவர் வாதம். அமெரிக்காவின் சமத்துவத்தை அவர் அந்தப் பாட்டிலில் கண்டார்.

இந்த வாதத்தை அப்படியே நம் டீ கிளாஸுக்கு மாற்ற முடியுமா? முடியாது. தமிழ்நாட்டு டீக்கடைக்கு இரட்டைக் குவளையின் வரலாறு இருக்கிறது. தலித்துகளுக்குத் தனி டம்ளர், அதைக் குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். மற்றவர்களுக்கு வேறு டம்ளர். 1955-ஆம் ஆண்டுச் சட்டமே தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அதற்குப் பிறகும் பல ஊர்களில் அந்த வழக்கம் நீடித்தது. சில இடங்களில் தலித்துகளுக்கு மட்டும் தூக்கிப்போடும் கப், மற்றவர்களுக்குக் கண்ணாடி என்று உருமாறியது. அமெரிக்கப் பாட்டில் எல்லோருக்கும் ஒன்று. நம் கிளாஸ் அப்படி இருந்ததில்லை. நான்கு நிறத்தில் நான்கு கிளாஸை அச்சிடும் ஓவியர் இதை அறிந்திருந்தால், அந்த நான்கில் ஒன்றை வேறாக வைத்திருப்பார், அல்லது நான்கும் ஒன்றாக இருப்பதையே ஒரு கோரிக்கையாக்கியிருப்பார். இன்று கடைகளில் நான் காணும் படங்களில் நான்கு என்பது வடிவமைப்பு வசதி மட்டுமே. வார்ஹாலின் கட்டம் வந்திருக்கிறது. கட்டத்துக்குப் பின்னால் இருந்த கேள்வி வரவில்லை.

பொருளையே சரியாகப் பார்க்காத படங்களும் உண்டு. கோலி சோடா பாட்டில் 1870-களில் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கண்ட வடிவம். பாட்டிலைத் தலைகீழாக வைத்துச் சோடா நிரப்புவார்கள். உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியைக் கழுத்து ரப்பர் வளையத்தோடு இறுக்கிவிடும். தட்டித் திறந்ததும் கோலி கீழே இறங்கிக் கழுத்தின் குறுகலில் நிற்கும். சாய்த்து ஊற்றும்போது அது திரும்ப ஓடிவந்து வாயை அடைக்காதபடி தடுத்து நிறுத்த ஒரு பக்கம் குழிவுகள் இருக்கும். அந்தக் குழிவுகள்தான் பாட்டிலின் முகம். அவற்றை விட்டுவிட்டு, கோலியை அடிவயிற்றில் மிதக்கவிடும் படத்தைப் பார்த்தால் வரைந்தவர் ஒருமுறையும் கோலி சோடா குடித்ததில்லை என்று எனக்குத் தோன்றிவிடும்.

பானத்தில் அரசியலும் கலந்திருக்கிறது. பிரேசிலில் ராணுவ ஆட்சி நடந்த 1970-இல் கலைஞர் சில்டோ மெய்ரெலிஸ், கடைக்குத் திருப்பிக் கொடுக்கும் கோகோ கோலா பாட்டில்களை எடுத்து, அவற்றின் மேல் வெள்ளை எழுத்தில் எதிர்ப்பு வாசகங்களை அச்சிட்டு மறுபடி புழக்கத்தில் விட்டார். காலிப் பாட்டிலில் எழுத்து கண்ணில் படாது; கறுப்புப் பானம் நிரம்பியதும் படிக்கலாம். இந்தியாவிலிருந்து கோகோ கோலா 1977-இல் வெளியேறி 1993-இல் திரும்பியது. 2017-இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூட்டில் தமிழக வணிகர் சங்கங்கள் மார்ச் முதல் தேதியிலிருந்து கோக், பெப்சி விற்கமாட்டோம் என்று அறிவித்தபோது, 1916-இல் தொடங்கிய காளிமார்க்கின் பவண்டோ மீது எல்லோர் கண்ணும் திரும்பியது. குளிர்பான ஆலைகள் எடுக்கும் தாமிரபரணித் தண்ணீர் யாருக்கு என்ற கேள்வி அந்த அறிவிப்புக்குப் பின்னால் இருந்தது. இதைவிடப் பொருத்தமான கருப்பொருள் ஒரு தமிழ் பாப் ஓவியருக்கு எங்கே கிடைக்கும்? பவண்டோவின் கருஞ்சிவப்பும் வற்றிய ஆற்று மணலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அந்தப் படம் கூடத்தை அழகாக்கவும் செய்யும், விருந்தாளியைப் பேசவும் வைக்கும்.

செய்யும் வசதி இங்கே இல்லாமல் இல்லை. வார்ஹால் பிரபலமாக்கிய ஸ்கிரீன் பிரிண்டிங் வேறெதுவுமில்லை, மஞ்சப்பையில் ஜவுளிக்கடைப் பெயரையும் கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையாரையும் அடிக்கிற அதே முறைதான். சிவகாசியில் அச்சகங்கள் இருக்கின்றன. எழும்பூர், கும்பகோணம் கவின்கலைக் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு விற்பது கலைஞருக்குக் கௌரவக் குறைவு என்ற தயக்கமும் வேண்டாம். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது, ஓவியர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில்தான் தங்கள் ஓவியங்களைத் தொடர்ந்தார்கள்.

வாங்குகிறவர்கள் ஒன்று கேட்கலாம்: இதை வரைந்தது யார்? கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்து, காலண்டராக வீடு வீடாகப் போன முருகன், லட்சுமி படங்களின் ஓரத்தில் ஓவியர் கையெழுத்தும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். ஓசியில் கொடுத்த காலண்டரிலேயே பெயர் இருந்தது. நூற்றுக்கணக்கில் விலை வைத்து விற்கும் டபரா டம்ளர் படத்தில் பெயர் போடக் கடைக்காரருக்கு என்ன தடை?